ஆத்துத் தண்ணியா பம்ப் தண்ணியா, காங்கிரீட் பாறையா பிளாஸ்டிக் பிளாக்கா: கயாக் ஸ்லாலம் கோர்ஸ் டிசைன் ஒரு ஒப்பீடு

கேனோ ஸ்லாலம் பாக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் முதல்ல கேக்கறது அந்த அலை எவ்வளவு உயரம்ங்கறதுதான், புதுசா கோர்ஸ் கட்டணும்னு கிளம்பறவங்களும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, பெரிய சரிவு வேணும், பெரிய அலை வேணும், கேமரால கெத்தா தெரியணும்னு. ஆனா படகு ஓட்டறவங்க பேச்சைக் கேட்டுப் பாருங்க, அவங்க அலையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உடனே எடிக்குப் போயிடுவாங்க. ஒரு பாறையோ பிளாக்கோ தண்ணிய மறிச்சா அதுக்குப் பின்னாடி தண்ணி எதிர்ப்பக்கமா, மேட்டைப் பாத்து சுத்தி ஓடும்ல, அதுதான் எடி. கோர்ஸ் நல்லா இருக்கா இல்லையான்னு தீர்மானிக்கறது அதுதான்னு நான் நினைக்கறேன், கீழ வர்ற ஒவ்வொரு ஒப்பீட்டையும் அந்தக் கண்ணோடதான் பாத்திருக்கேன். இன்னொரு கண்ணும் உண்டு, போட்டி முடிஞ்ச மறுநாள் அந்தத் தண்ணில யார் இறங்குவாங்கங்கறது.

தெரியாதவங்களுக்காக ரூல்ஸ் வேகமா சொல்லிடறேன். தண்ணிக்கு மேல தொங்கற கம்பங்கள்தான் கேட், 18-ல இருந்து 25 கேட் வரைக்கும் கம்பி கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, பச்சை வெள்ளை போட்டது தண்ணி போற திசையில போகணும், சிவப்பு வெள்ளை போட்டது எதிர்நீச்சல் மாதிரி கீழ இருந்து மேல வந்து நுழையணும், அது குறைஞ்சது 6 இருக்கணும். கம்பத்தைத் தொட்டா 2 செகண்ட் பெனால்டி, கேட்டை விட்டுட்டா 50 செகண்ட், அதோட ரேஸ் முடிஞ்ச மாதிரிதான். மொத்த ஓட்டமே ஒண்ணரை நிமிஷம், அதுக்கு மேல கொஞ்சம்.

இப்ப அந்த சிவப்பு கேட் ஒண்ணைக் கிட்ட போய்ப் பாப்போம், ஏன்னா டிசைன் பேச்சு மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும். ஓட்டறவர் வேகமா இறங்கி வர்றாரு, கேட் பக்கத்துல எடில தொங்குது. மெயின் ஓட்டத்துக்கும் எடிக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ஒரு எல்லை தெரியும், எடி லைன்னு சொல்வாங்க. படகோட மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டினதும் மூக்கைத் தண்ணி மேல்பக்கமா இழுக்குது, வால் இன்னும் மெயின் ஓட்டத்துல இருக்கறதால அதைக் கீழ்ப்பக்கமா தள்ளுது, படகு தானாவே திரும்புது, அவர் துடுப்பு அலகை அமைதியான தண்ணில ஊனி வச்சு அதைச் சுத்தி படகைத் திருப்பறாரு, வால் தண்ணிக்குள்ள முங்கி மூக்கு மேல எழும்புது, தோளைச் சாய்ச்சு கம்பத்துக்கு அடியில நுழைஞ்சு வெளிய. நல்ல எடியா இருந்தா இவ்வளவும் ரெண்டு மூணு செகண்ட்தான். எடி லைன் கூர்மையா இல்லாம கொழகொழன்னு பரவிக் கெடந்தா படகு எப்ப திரும்பும்னே தெரியாது, எடியே விட்டு விட்டு துடிச்சா ஒருத்தருக்கு உதவி பண்ற தண்ணி அடுத்தவரை வெளிய தள்ளும், அப்புறம் ஜெயிச்சது திறமையா நேரமான்னு யாரால சொல்ல முடியும்?

முதல் பெரிய பிரிவு: தண்ணி எங்க இருந்து வருது

ரெண்டு வழி. ஆத்துல இருந்து ஒரு கிளையைத் திருப்பி, அது தன் போக்குல இறங்கட்டும்னு விடறது ஒண்ணு. கீழ ஒரு குளம் மேல ஒரு குளம் வச்சு பம்ப் போட்டு அதே தண்ணிய சுத்தி சுத்தி ஏத்தறது இன்னொண்ணு.

ஆத்து வழிக்கு ஆதாரம் ஜெர்மனில இருக்கற ஆக்ஸ்பர்க் ஐஸ்கனால். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்காக லெக் ஆத்துத் தண்ணிய எடுத்துக் கட்டினது, ஸ்லாலம் ஒலிம்பிக்ஸ்ல வந்ததே அப்பதான். அம்பது வருஷம் கழிச்சு 2022-ல அதே கால்வாய்ல உலக சாம்பியன்ஷிப் நடத்தினாங்க, நடுவுல 2019-ல ஆக்ஸ்பர்க் நகரத்தோட பழைய நீர் மேலாண்மை அமைப்பு யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தப்ப இந்தக் கால்வாயும் அதுல ஒரு பகுதி. அடுத்து சுலோவாக்கியால பிராட்டிஸ்லாவா பக்கத்துல சூனோவோ, 1996-ல திறந்தது, டான்யூப் ஆத்து அணைத்திட்டத்துல கிடைக்கற மட்ட வித்தியாசத்தை அப்படியே பயன்படுத்திக்கிட்டாங்க. பிராக் நகரத்துல வல்ட்டாவா ஆத்துல டிரோயா, இங்கிலாந்துல டிரென்ட் ஆத்துல ஹோம் பியர்பாயின்ட், எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பம்ப் குடும்பத்துல முக்கியமானது சிட்னி ஒலிம்பிக்ஸுக்காக 1999-ல திறந்த பென்ரித். சுமார் 320 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் இறக்கம், செகண்டுக்கு 14 கியூபிக் மீட்டர் தண்ணி, 6 பம்ப். அதுக்கப்புறம் ஏதென்ஸ் 2004, பெய்ஜிங் 2008, லண்டன் 2012, ரியோ 2016, டோக்கியோ 2020, பாரிஸ் 2024 எல்லாமே பம்ப்தான். அதாவது 2000-த்துக்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ் ஸ்லாலம் ஒண்ணு கூட சும்மா ஓடற ஆத்துல நடக்கல.

பம்புக்கு என்ன செலவாகும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தா விஷயம் புரியும். லண்டன் லீ வேலி மெயின் சானல்ல 13 கியூபிக் மீட்டர் தண்ணிய 5.5 மீட்டர் தூக்கணும். 13,000 கிலோ, புவியீர்ப்பு 9.81, உயரம் 5.5, பெருக்கினா சுமார் 700 கிலோவாட். இது தண்ணிக்குப் போய்ச் சேர்ற சக்தி மட்டும்தான், பம்ப், மோட்டார், குழாய் எல்லாத்துலயும் போற நஷ்டத்தைச் சேத்தா 900 கிலோவாட் பக்கம் வந்துடும், ஆக ஒரு மணி நேரம் ஓட்டினா 900 யூனிட் கரண்ட். இது போட்டி அன்னிக்கு மட்டும் இல்ல, ஒரு பன்னெண்டு வயசுப் பையன் எடிக்குள்ள திரும்பப் பழகறதுக்கும் அதே பம்ப் ஓடணும். அதனாலதான் பம்ப் கோர்ஸ்ல பயிற்சி நேரத்தை பிச்சுப் பிச்சுத்தான் கொடுப்பாங்க, ராஃப்டிங், அதாவது ரப்பர் படகுல கூட்டமா இறங்கறதுக்கு வர்ற பொதுஜனம் கட்டற காசுலதான் மோட்டார் ஓடுது, வீரர்கள் அவங்க நேரத்துக்கு நடுவுல கிடைக்கற இடைவெளியில இறங்கணும்.

அப்ப ஆத்துத் தண்ணி இலவசமான்னா, அதுவும் கிடையாது, இதை நிறையப் பேர் மறந்துடறாங்க. அட்லாண்டா 1996-க்கு போட்டி நடந்த ஒகோயி ஆத்தை எடுத்துக்கங்க, டென்னஸீ மாநிலத்துல இருக்கு. அங்க தண்ணிய அணையில மறிச்சு மின்நிலையத்துக்குத் திருப்பி விட்டுட்டதால ஆத்துப்படுகை பல காலமா காஞ்சு கெடந்துச்சு, அந்தப் படுகையில பாறை போட்டு அகலத்தைக் குறுக்கி கோர்ஸாக்கி, போட்டிக்காகத் தண்ணி தொறந்து விட்டாங்க. அப்படித் தொறந்து விடற ஒவ்வொரு கியூபிக் மீட்டரும் டர்பைனுக்குப் போகாத தண்ணி. பம்ப் கோர்ஸ்ல கரண்ட்டை வாங்கறோம், அணைக்கட்டு கோர்ஸ்ல வர வேண்டிய கரண்ட்டை விடறோம், பெருக்கல் அதே பெருக்கல்தான். அணையும் டர்பைனும் இல்லாத ஒரு தடுப்பணை ஓரமா வெட்டின கால்வாய்லதான் தண்ணி நிஜமாவே சும்மா கிடைக்குது.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு டிசைன் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். பார்சலோனா 1992-க்காக பிரெனீஸ் மலையில லா சேவு துர்ஜெல் ஊர்ல சேக்ரே ஆத்தை ஒட்டிக் கட்டினது. ஆத்துல போதுமான தண்ணி இருந்தா அதுபாட்டுக்கு இறங்கும், வறண்ட நேரத்துல பம்ப் போட்டு ஏத்திக்கலாம், யாரும் படகு ஓட்டாதப்ப அதே மெஷினைத் திருப்பி ஓட்டி கரண்ட் தயார் பண்ணலாம். 1992-ல போட்டது இன்னும் ஓடுது, 1999, 2009, 2019 மூணு உலக சாம்பியன்ஷிப் அங்க நடந்திருக்கு. இதுக்கப்புறம் வந்த ஒலிம்பிக்ஸ் எல்லாம் ஏன் இதைப் பின்பற்றலன்னா காரணம் இடம்தான், போட்டி நடத்தற நகரங்கள் சமவெளியில, கடலோரத்துல இருக்கு, அங்க ஆறு இருக்கும் ஆனா இறக்கம் இருக்காது.

தண்ணியோட குணத்துலயும் வித்தியாசம் உண்டு. பம்ப் கோர்ஸ்ல காலைல முதல் ஆள் இறங்கினப்ப இருந்த அளவுதான் சாயங்காலம் கடைசி ஆளுக்கும், அதனால போட்டி நியாயமா நடக்க பம்ப்தான் மேலன்னு ஒரு வாதம் இருக்கு, சரியான வாதம்தான். ஆத்துல மேல எங்கயோ மழை பெஞ்சா மட்டம் மாறும், தலைமடையில கதவு வச்சு கட்டுப்படுத்தலாம், ஆனா தண்ணியே குறைஞ்சு போச்சுன்னா கதவு என்ன பண்ணும். அதே சமயம் பம்ப் சீரா ஓடுதுங்கறதுக்காக தண்ணி துடிக்காதுன்னு இல்ல. மொத்த ஓட்டம் மாறாம இருந்தாலும் ஒவ்வொரு ஸ்டாப்பரும் (படியில இறங்கி தனக்குத்தானே திரும்பி விழற தண்ணி, கீழ விவரமா வரும்) ஒவ்வொரு எடியும் தனக்குன்னு ஒரு தாளத்துல நெறஞ்சு நெறஞ்சு வடியும், நேர்சுவர்ல மோதித் திரும்பற அலை அதை இன்னும் கிளறி விடும். இது பம்ப் பிரச்சினை இல்ல, சானல் வடிவத்தோட பிரச்சினை, அதுக்கு அடுத்து வர்றேன்.

ரெண்டாவது பிரிவு: அசையாத பாறையா, கழட்டி மாத்தற பிளாக்கா

ஆக்ஸ்பர்க்ல தடை எல்லாம் காங்கிரீட்ல வார்த்தது, கால்வாயோட உடம்போட ஒட்டினது. அதனால அது ஒரு முகம் மாதிரி எல்லாருக்கும் மனப்பாடம். அந்த மனப்பாடம் எவ்வளவு பெரிய ஆயுதம்னு 1972-லயே தெரிஞ்சு போச்சு. கிழக்கு ஜெர்மனிக்காரங்க ஆக்ஸ்பர்க் கோர்ஸைப் பாத்து அளந்து, தங்க நாட்டுல ஸ்விக்காவ் ஊர்ல அதே மாதிரி ஒண்ணு கட்டி அதுலயே பழகினாங்க, ஒலிம்பிக்ஸ்ல இருந்த நாலு தங்கமும் அவங்களுக்கே போச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷம் ஸ்லாலம் ஒலிம்பிக்ஸ் பக்கமே வரல, 1992-லதான் திரும்பி வந்துச்சு.

பென்ரித்ல இந்தக் கதையை மாத்தினாங்க. சானல் தரையில வரிசையா துளை விட்டு, அதுல தூண் நட்டு, தூண்ல பிளாஸ்டிக் உருளைகளைக் கோத்து நிறுத்தற முறை, ஆம்னிஃப்ளாட்ஸ்னு பேரு. தண்ணிய நிறுத்தினா அரங்கமே வேற, ஈரக் காங்கிரீட் தரை, அங்கங்க நிக்கற பிளாஸ்டிக் தூண்கள், ஆளுங்க உள்ள இறங்கி ஒண்ணைக் கழட்டி நாலு துளை தள்ளி நட்டுட்டு, மேல ஒரு உருளையைக் கூட்டியோ குறைச்சோ விட்டுட்டு ஏறி வந்தா, மறுபடி பம்ப் போட்டதும் வேற ஆறு. லண்டன்ல வந்தது ரேபிட்பிளாக்ஸ், தரையில பதிச்ச உலோகத் தடத்துல பிளாக்கை போல்ட் போட்டு இறுக்கறது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம், பக்கத்துல பக்கத்துல வச்சு சுவர் மாதிரி நீட்டலாம். அமெரிக்காவுக்காக மூணு ஒலிம்பிக்ஸ்ல ஓட்டின ஸ்காட் ஷிப்லி படகை விட்டுட்டு டிசைனரா மாறி ஷார்லட், லண்டன், ஓக்லஹோமா சிட்டி கோர்ஸ்கள்ல வேலை பாத்தவர், ஓட்டறவர் கையில பென்சில் கிடைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு நல்ல உதாரணம், எடி வைக்கற இடத்துல அது தெரியும்.

மாத்தற பிளாக்குக்கு என் ஓட்டு கிட்டத்தட்ட முழுசா உண்டு, காரணம் புதுமை இல்ல, திருத்திக்க முடியும்ங்கறதுதான். எந்த டிசைனரும் முதல் தடவையே எடியைச் சரியா வைக்க முடியாது. காங்கிரீட்ல வார்த்துட்டா ஒரு ஸ்டாப்பர் ஆளைப் பிடிச்சு வச்சுக்கிற மாதிரி அமைஞ்சாலும் ஜாக்ஹேமரோடதான் போகணும். பிளாக்னா அடுத்த நாள் காலைல அரை அடி தள்ளி வச்சுப் பாக்கலாம். பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது.

பாதுகாப்புன்னு சொன்னதும் ஸ்டாப்பரைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஒரு படியில வேகமா இறங்கற தண்ணி கீழ மெதுவா கெடக்கற தண்ணில மோதும்போது மேல எகிறி தனக்குத்தானே திரும்பி விழும், அந்தச் சுழற்சிதான் ஸ்டாப்பர். படி சானல் அகலம் முழுக்க ஒரே சீரா, நேர்கோடா இருந்தா அந்தச் சுழற்சியும் சுவர்ல இருந்து சுவர் வரைக்கும் சீரா இருக்கும், மாட்டினவருக்கு வெளிய போக வழியே இருக்காது, சின்னச் சின்னத் தடுப்பணைகள்ல ஆள் சாகறது இப்படித்தான், பாக்க அமைதியா அழகா இருக்கும் அது. அதனால டிசைனர் வேணும்னே அந்தக் கோட்டை உடைக்கணும். ஓட்டம் வர்ற மேல்பக்கத்துல இருந்து பாக்கும்போது ஸ்டாப்பரோட ரெண்டு ஓரமும் ஓட்டம் போற திசையில வளைஞ்சிருந்தா சிரிக்கிற வாய் மாதிரி தெரியும், அது ஆளைப் பக்கவாட்டுல தள்ளி வெளிய விட்டுடும். ஓரம் ரெண்டும் மேல்பக்கமா வளைஞ்சா சுளிச்ச வாய், அது நடுவுக்கே திரும்ப இழுக்கும். சிரிக்கிற ஸ்டாப்பர், சுளிக்கிற ஸ்டாப்பர்னு ஓட்டறவங்க பேசிக்கறது இதைத்தான்.

பிளாக்குக்கும் குறை உண்டு. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல, பிளாக்குக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி விட்டா தண்ணி அதுக்குள்ள உறிஞ்சும், கவுந்து மிதக்கறவரோட கையோ காலோ மாட்ட வாய்ப்பிருக்கு, அதனால அடுக்கும்போதே அந்தச் சந்தைப் பாத்து மூடணும். போல்ட் தளரும், பிளாஸ்டிக் வெயில்ல காஞ்சு நொறுங்கும், சரிபாக்க ஆள் வேணும். எடியோட தரத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு, வழவழன்னு வளைச்சு வார்த்த காங்கிரீட் மூக்கு, அதாவது கரையில இருந்து தண்ணிக்குள்ள நீட்டற முனை, விடற எடி லைன் கத்தி மாதிரி இருக்கும், தனித்தனி உருளை நட்டு வச்ச இடத்துல தண்ணி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கசிஞ்சு எடியைக் கலைச்சு விடும். ஆக்ஸ்பர்க்கை இன்னிக்கும் வீரர்கள் மதிக்கறதுக்கு இது ஒரு காரணம்னு நினைக்கறேன். என்னைக் கேட்டா சானல் கரையோரப் பெரிய மூக்குகளைக் காங்கிரீட்ல வார்த்துட்டு நடுத்தரையை மட்டும் பிளாக்குக்கு விடணும்.

சுவர் விஷயம். நேர்சுவர் கட்ட சுலபம், இடம் கம்மி, ஆனா அலை மோதித் திரும்பி எல்லா எடியையும் குலுக்கும். சாய்ஞ்ச கரை அந்த அலையை உறிஞ்சிக்கும், ஆள் ஏறி வெளிய வரவும் சுலபம், ஆனா சாய்ஞ்ச இடத்துல ஆழம் கம்மியாகி ஓரத்து எடி வீணாப் போகும். அதனால நிறைய இடத்துல கலந்துதான் போடறாங்க. ஒகோயி மாதிரி நிஜப்பாறை போட்ட படுகையில இன்னொரு ஆபத்து, பாறை சந்துல கால் மாட்டறது, வழவழ காங்கிரீட் தரையில அது கிடையாது.

நீட்டு வாக்கா, வளைச்சா

நேரா ஓடற கால்வாய்ல ஒரு தடவை இறங்கினா படகைத் தோள்ல தூக்கிட்டு மேல நடந்து வரணும். ஒண்ணரை நிமிஷ ஓட்டத்துக்கு அதைவிட அதிக நேரம் நடை. பம்ப் கோர்ஸை யு மாதிரி வளைச்சா முடியற குளமும் ஆரம்பிக்கற குளமும் பக்கத்துல பக்கத்துல வந்துடும், நடுவுல ஒரு கன்வேயர் பெல்ட், படகுல உக்காந்தபடியே ஸ்கர்ட்டைக் (தண்ணி உள்ள வராம இடுப்பைச் சுத்திப் படகு வாயை மூடற துணி) கூட கழட்டாம மேல போயிடலாம். ராஃப்டும் அப்படியேதான் ஏறுது. ஒரு மணி நேரப் பயிற்சில எத்தனை தடவை இறங்க முடியுதுங்கறது இதனால பல மடங்கு மாறும், பம்ப் கரண்டைப் பத்தி மேல கவலைப்பட்டேனே, அந்தக் கரண்டுக்கு அதிகப் பலன் வாங்கித் தர்றதே இந்த பெல்ட்தான். பாக்க வர்றவங்களுக்கும் வளைஞ்ச கோர்ஸ்தான் நல்லது, ஒரே இடத்துல உக்காந்து ஆரம்பம் முடிவு ரெண்டையும் பாக்கலாம். வளைவுல தண்ணி வெளிப்பக்கச் சுவர்ல ஏறி ஒதுங்கும், அதை எடி வைக்க வசதியா மாத்திக்கலாம், கெட்டிக்கார டிசைனர் மாத்திக்குவார்.

சரிவைப் பத்தி ஒரு வரி. பென்ரித்ல 100 மீட்டருக்கு 1.7 மீட்டர் இறக்கம், லண்டன்ல 1.8. டோக்கியோ கசாய் கோர்ஸ் சுமார் 200 மீட்டர்ல 4.5 மீட்டர் இறங்குது, அதாவது 2.25. நீளம் குறைய குறைய மூச்சு விட இடம் இல்லாம போகுது, ஒரு கேட்ல பண்ண தப்பை அடுத்த கேட்டுக்குள்ள சரி பண்ணிக்க நேரம் இல்ல. அது விறுவிறுப்பு, ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு அது பள்ளிக்கூடமா இருக்காது.

கடல்தண்ணி, நல்லதண்ணி

ஏதென்ஸ் 2004-க்கு ஹெல்லினிகோ பழைய விமான நிலைய இடத்துல கட்டின கோர்ஸ் கடல்தண்ணில ஓடினது. நல்லதண்ணி தட்டுப்பாடான இடத்துல கேக்க நல்ல யோசனைதான். உப்புத்தண்ணி ரெண்டரை சதவீதம் கனம், பம்புக்கு அவ்வளவு கூடுதல் வேலை, அது பெருசில்ல. பெருசு என்னன்னா உப்பு தொட்ட ஒவ்வொரு இரும்பும் துருவேறும், பம்ப், கதவு, போல்ட் எல்லாம், பராமரிப்பை ஒரு வருஷம் விட்டா அப்புறம் எழுப்ப முடியாது. போட்டி முடிஞ்சதும் அது கைவிடப்பட்டு வருஷக்கணக்கா வறண்ட காங்கிரீட்டா கெடந்ததைப் படத்துல பாத்தா மனசு கனத்துப் போகுது, ஏன்னா அந்தச் சானல் வேலை மோசமானது இல்ல, அதுல ஓட்ட ஆளை வளக்காம விட்டதுதான்.

நல்லதண்ணில வேற கவலை. சுத்திச் சுத்தி வர்ற தண்ணி வெயில்ல சூடாகும், மண்ணும் இலையும் சேரும். 2016-ல அமெரிக்காவுல ஷார்லட் நகரத்து பம்ப் கோர்ஸ்ல ராஃப்டிங் போய் வந்த ஒரு இளம்பெண் நெக்லேரியா ஃபௌலேரிங்கற அமீபா தொத்தி இறந்துட்டாங்க, சோதிச்சப்ப தண்ணில அந்த அமீபா இருந்துச்சு. அங்க யுவி விளக்கும் இருந்துச்சு, குளோரினும் இருந்துச்சு, ஆனா கலங்கின தண்ணில ரெண்டுமே சரியா வேலை செய்யாது. இதுல இருந்து டிசைனுக்கு ஒரே பாடம், கிருமிநாசினியை எவ்வளவு கூட்டறோம்ங்கறதுக்கு முன்னாடி தண்ணிய எவ்வளவு தெளிவா வடிகட்டறோம்னு பாக்கணும், வடிகட்டற மெஷினோட செலவை கடைசில வெட்டற பட்டியல்ல வைக்கக் கூடாது. ஆத்து கோர்ஸ்ல தண்ணி தேங்காது, ஆனா மேல இருக்கற ஊரோட சாக்கடை மழை நாள்ல வந்து சேரும். ரெண்டுல எது சுத்தம்னு பொதுவா சொல்ல முடியாது, ஆத்தைப் பொறுத்தது.

மாடலா, கம்ப்யூட்டரா

கட்டறதுக்கு முன்னாடி சோதிக்க ரெண்டு வழி, சின்ன அளவுல நிஜமா ஒரு மாடல் கட்டித் தண்ணி விடறது, இல்ல கம்ப்யூட்டர்ல சிமுலேஷன். பத்துல ஒரு பங்கு மாடல்னு வச்சுக்கங்க. 300 மீட்டர் கோர்ஸ் 30 மீட்டர்ல ஒரு ஷெட்டுக்குள்ள அடங்கிடும். ஆனா தண்ணியும் பத்துல ஒண்ணு விட்டா அலை தப்பா வரும், வேகம் பத்தோட வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 3.16 மடங்கு குறையணும், ஓட்டம் 316 மடங்கு குறையணும், லண்டனோட 13,000 லிட்டர் அங்க 41 லிட்டர். நிஜத்துல 100 செகண்ட்ல நடக்கறது மாடல்ல 32 செகண்ட்ல நடந்துடும், அதனால வீடியோ எடுத்து மெதுவா ஓட்டித்தான் பாக்கணும்.

மாடல் ஒரு விஷயத்துல ஏமாத்தும், நுரை. தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை சின்ன அளவுல ரொம்ப பலமாத் தெரியும், காத்து உள்ள கலக்காது, மாடல்ல அலை கண்ணாடி மாதிரி பச்சையா நிக்கும், நிஜத்துல அதே அலை பாதி நுரை. நுரைல துடுப்பு பிடி கொடுக்காது, படகும் தாழ்ந்து ஓடும். கம்ப்யூட்டர் சிமுலேஷன்லயும் தண்ணியும் காத்தும் கலக்கற இடம்தான் கஷ்டம், ஆனா பத்து அமைப்பை அடுத்தடுத்து ஓட்டிப் பாக்கலாம், மாடல்ல ஒவ்வொண்ணுக்கும் கையால மாத்தணும். நான் பாக்கற வரைக்கும் கம்ப்யூட்டர்ல வடிகட்டி, மிஞ்சின ஒண்ணு ரெண்டை மாடல்ல பாத்து, கடைசித் திருத்தத்தை நிஜத் தண்ணில பிளாக்கை நகத்தி முடிக்கறதுதான் சரி. அந்தக் கடைசித் திருத்தத்துக்கு ஓட்டறவங்களை இறக்கி அவங்க சொல்றதைக் கேக்க சில வாரம் ஒதுக்கணும், திறப்பு விழாத் தேதிக்கு முந்தின நாள் தண்ணி விட்டா இது நடக்காது.

கயாக் கிராஸ் வந்ததால மாறினது

பாரிஸ் 2024-ல கயாக் கிராஸ் ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு, நாலு பேர் ஒரே நேரத்துல உயர மேடையில இருந்து படகோட சரிஞ்சு தண்ணில விழுந்து முட்டி மோதிப் போறது. முதல் தடவையே பெண்கள் தங்கம் ஆஸ்திரேலியாவோட நோமி ஃபாக்ஸுக்கு, அவங்க அக்கா ஜெசிகா ஃபாக்ஸ் அதே ஒலிம்பிக்ஸ்ல கே1 (ஒரு ஆள் கயாக்), சி1 (ஒரு ஆள் கேனோ) ரெண்டு தங்கம், ரெண்டு பேரும் பென்ரித் தண்ணில வளந்தவங்க. டிசைன் பக்கம் இதுக்கு என்ன அர்த்தம்னா, ஒருத்தர் திரும்ப அளவா இருந்த எடில இப்ப நாலு கனமான பிளாஸ்டிக் படகு ஒண்ணா நுழையும், எடி அகலமா வேணும். மேடைக்கு அடியில ஆழம் வேணும். ஒரு இடத்துல முழுசா உருண்டு எழுந்திரிக்கணும்னு ரூல் இருக்கறதால அங்கயும் தலை தரையில இடிக்காத ஆழம் வேணும். ஒரே எடி ரெண்டு விளையாட்டுக்கும் பொருந்தாது, இங்க மாத்தற பிளாக் இல்லாத பழைய கோர்ஸ் சிரமப்படத்தான் செய்யும்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கறது

இறக்கத்தோட ஒரு ஆறோ தடுப்பணையோ கிட்ட இருந்தா யோசிக்கவே வேண்டாம், ஆத்து வழிதான். சுலோவாக்கியாவைப் பாருங்க, சின்ன நாடு, சூனோவோ ஒண்ணு, வாக் ஆத்துல லிப்டோவ்ஸ்கி மிகுலாஷ் ஒண்ணு, ஹோக்‌ஷோர்னர் ரெட்டையர் 2000, 2004, 2008 மூணு ஒலிம்பிக்ஸ் தொடர்ந்து சி2 (ரெண்டு ஆள் கேனோ) தங்கம், மார்டிகான் ரெண்டு தங்கம், கலிஸ்கா ரெண்டு தங்கம். தினமும் மீட்டர் ஓடாத தண்ணி கிடைக்கற இடத்துல பசங்க மணிக்கணக்கா எடில விளையாடலாம், அந்த மணிக்கணக்குக்கு ஈடா எந்தப் பயிற்சியாளரும் எதுவும் கொடுக்க முடியாது.

ஆறு இல்லன்னா பம்ப், ஆனா மக்கள் கூட்டம் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல, ராஃப்டிங் முதல் நாள்ல இருந்தே கணக்குல இருக்கணும். லண்டன்காரங்க செஞ்ச ரெண்டு காரியம் எனக்கு முக்கியமாப் படுது. 2012 போட்டிக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2011-ல, பொதுமக்களுக்குத் திறந்து விட்டுட்டாங்க, ஊர்க்காரங்களுக்கு அது நம்ம இடம்னு ஆகிப் போச்சு, போட்டில சி2-ல தங்கமும் வெள்ளியும் அவங்க நாட்டுக்கே வந்தப்ப பாதிப் பேருக்கு அந்தத் தண்ணி பழகின தண்ணி. இன்னொண்ணு, பெரிய சானல் பக்கத்துல 160 மீட்டர்ல வெறும் 1.6 மீட்டர் இறங்கற சின்னச் சானல். முதல் முதலா எடி லைனைத் தாண்டி கவுந்து மூக்குல தண்ணி ஏறி எழுந்து சிரிக்கறவங்க அங்கதான் இருப்பாங்க. அதே இடத்துல 2015, 2023 ரெண்டு உலக சாம்பியன்ஷிப்பும் நடந்துடுச்சு.

இது ரெண்டுக்கும் வழி இல்லாத ஊர் புதுசா கட்டவே கூடாதுன்னு நான் வெளிப்படையாவே சொல்வேன். லாஸ் ஏஞ்சலஸ் 2028 அந்த முடிவைத்தான் எடுத்திருக்கு, ஸ்லாலமை 2016-ல திறந்து ஓடிக்கிட்டு இருக்கற ஓக்லஹோமா சிட்டி கோர்ஸுக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஒலிம்பிக்ஸ் கிராமத்துல இருக்க முடியாதேன்னு வீரர்களுக்கு வருத்தம் இருக்கும், அது நியாயமான வருத்தம், ஆனா ஏற்கனவே தினமும் படகு ஓடற தண்ணில, பிளாக்கை நகத்தி எடியைச் சரி பண்ண நாலு வருஷம் கையில வச்சுக்கிட்டு நடக்கப் போற போட்டி அது.